17:20க்கு அப்புறம் நேரா 17:22: சில பைபிள்ல சில வசனம் ஏன் இல்ல?

போன லெந்து நாள்ல எங்க வீட்டுல உபவாச ஜெபம். வழக்கம்போல ஆளுக்கு ஒரு வசனமா சுத்தி வாசிச்சுட்டு வந்தோம், மத்தேயு 17ம் அதிகாரம். பெரியம்மா கையில அவங்க பழைய தமிழ் பைபிள், அவங்க இருபதாம் வசனம் வாசிச்சு முடிச்சாங்க, அடுத்தது என் தம்பி மகன், அவன் போன்ல இங்கிலீஷ் என்.ஐ.வி. வச்சிருந்தான், நேரா இருபத்திரெண்டாம் வசனத்த ஆரம்பிச்சுட்டான். "ஏலே, ஒண்ண விட்டுட்ட"ன்னாங்க பெரியம்மா. "இல்ல ஆச்சி, இதுல இருபதுக்கு அப்புறம் இருபத்திரெண்டுதான் இருக்கு"ன்னு போன நீட்டுறான். விட்டுப்போனது எந்த வசனம் தெரியுமா? "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது." உபவாச ஜெபத்துல உக்காந்திருக்கும்போது உபவாச வசனத்தையே காணோம்னா யாருக்குத்தான் பகீர்னு இருக்காது.

ஜெபம் முடிஞ்சதும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஒருத்தர் வாட்ஸ்அப்ல வந்த ஃபார்வர்ட எடுத்துக் காட்டுனார், புது பைபிள்கள்ல வசனங்கள வேணும்னே தூக்கிட்டாங்க, உங்க பைபிள்ல இதெல்லாம் இருக்கான்னு இப்பவே செக் பண்ணுங்கன்னு ஒரு லிஸ்ட், அடியில வெளிப்படுத்தின விசேஷம் 22:19 போட்டு ஒரு எச்சரிக்கை. நீங்களும் பாத்திருப்பீங்க. அனுப்புறவங்க மேல எனக்குக் கோவம் கிடையாது, வேதத்து மேல இருக்கிற பாசத்துலதான் பதறுறாங்க, ஆனா அந்தப் பதட்டத்துக்கு சபைகள்ல யாரும் உக்காந்து பொறுமையா பதில் சொல்றதில்ல, அதனாலதான் இத எழுதுறேன். "தூக்கிட்டாங்க"ங்கற வார்த்தையிலயே கோளாறு இருக்கு. மொழிபெயர்த்தவங்க மேஜை மேல எந்தக் கிரேக்கப் பிரதி இருந்துச்சோ அதப் பொறுத்துதான் ஒரு வசனம் இருக்கிறதும் இல்லாததும்.

பவுல் எழுதின கடிதமோ மாற்கு எழுதின சுவிசேஷமோ அந்த மூல ஏடு இன்னைக்கு யார் கையிலயும் இல்ல, இருக்கிறதெல்லாம் பாத்து எழுதினது, அதப் பாத்து எழுதினது, அப்படியே வந்தது. புதிய ஏற்பாட்டுக்கு மட்டும் கிரேக்கத்துல 5,000க்கு மேல கையெழுத்துப் பிரதி இருக்கு, துண்டு துணுக்கையும் சேத்துதான். கையால எழுதினா வித்தியாசம் வரத்தான் செய்யும். தமிழ்ல இதுக்கு அழகான வார்த்தையே இருக்கு, பாடபேதம், அப்புறம் யாரோ நடுவுல சேத்ததுன்னா இடைச்செருகல். உ.வே.சா. 1887ல சீவக சிந்தாமணிய அச்சுல கொண்டு வந்தப்ப ஒரே ஒரு சுவடிய வச்சு அடிச்சிடல, கிடைச்ச சுவடியெல்லாம் தேடிச் சேத்து ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுத்தான் பதிப்பிச்சார். பைபிளுக்கும் அதே வேலைதான் நடந்துச்சு, என்ன, முதல் தடவ செஞ்சவருக்கு சுவடி ரொம்பக் கம்மியா கிடைச்சுது.

அவர்தான் எராஸ்மஸ்ங்கற டச்சு அறிஞர். 1516ல பாசல் ஊர்ல ஃப்ரோபன்ங்கற அச்சுக்கூடத்துல கிரேக்க புதிய ஏற்பாட முதல்முதலா அச்சடிச்சு விற்பனைக்குக் கொண்டு வந்தார், ஸ்பெயின்ல வேற ஒரு குழு அதே வேலைய செஞ்சுட்டு இருந்ததால இவருக்கு அவசரம் வேற. அவர்கிட்ட இருந்தது அரை டஜன் சொச்சம் பிரதி, பெரும்பாலும் 12ம் நூற்றாண்டு வாக்குல எழுதினது. வெளிப்படுத்தின விசேஷத்துக்கு ஒரே ஒரு பிரதி, அதுலயும் கடைசி ஏடு கிழிஞ்சு போச்சு. என்ன செஞ்சார்னா லத்தீன் பைபிள எடுத்து, கடைசி ஆறு வசனத்தையும் லத்தீன்ல இருந்து கிரேக்கத்துக்குத் தானே திருப்பி எழுதிப் போட்டுட்டார். அந்த ஆறுல ஒண்ணுதான் 22:19. கிரேக்கப் பிரதிகள்ல அங்க "ஜீவ மரம்"னுதான் இருக்கு, லத்தீன்ல மரம்ங்கறதுக்கும் புஸ்தகம்ங்கறதுக்கும் எழுத்து கிட்டத்தட்ட ஒண்ணுபோல இருக்கிறதால லத்தீன் பிரதிகள்ல "புஸ்தகம்"னு மாறியிருந்துச்சு, அது அப்படியே எராஸ்மஸ் மூலமா கிரேக்க அச்சுக்குள்ள வந்து, கிங் ஜேம்ஸ்ங்கற பழைய இங்கிலீஷ் பைபிள்ல வந்து, நம்ம பழைய தமிழ்லயும் "ஜீவபுஸ்தகத்திலிருந்து"ன்னு வந்துருச்சு. பிந்தின தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்துல பாத்தா மரம்னு இருக்கும். எதையும் எடுத்துப்போடாதேன்னு எச்சரிக்கிற அதே வசனத்துலதான் இது நடந்திருக்கு, யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, ஒரு ஏடு கிழிஞ்சுபோனதால வந்தது.

எராஸ்மஸ் பதிப்பத் திருத்தித் திருத்தி அடுத்தடுத்து பலபேர் அச்சடிச்சாங்க. அதுல ராபர்ட் எஸ்தியென்னு ஒரு பிரெஞ்சுக்கார அச்சுக்காரர் 1551ல ஜெனீவாவுல போட்ட பதிப்புலதான் முதல்முறையா இன்னைக்கு நாம சொல்ற இந்த வசன நம்பர் வந்துச்சு. (பாரிஸ்ல இருந்து லியோன் போற பயணத்துலயே அந்த வேலைய செஞ்சார்னு அவர் மகன் எழுதி வச்சிருக்கார்.) இந்த ஒரு விஷயத்தப் புரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீர்ந்துரும். நம்பர் போட்டது 1551ல, அன்னைக்குக் கையில இருந்த நீளமான பாடத்துக்கு. பிற்பாடு பழைய பிரதிகளப் பாத்து ஒரு வரி அதுல இல்லன்னு தெரிஞ்சா, மத்த நம்பர் எல்லாத்தையும் மாத்த முடியாது, உலகம் பூரா அந்த நம்பர்லதான் வாசிக்குது. அதனால அந்த நம்பர மட்டும் காலியா விட்டு வரிய கீழ ஃபுட்நோட்ல போடுறாங்க. அதுதான் ஓட்ட மாதிரி கண்ணுல படுது. நம்பரே இல்லாத காலமா இருந்தா நம்ம யாருக்கும் இது தெரிஞ்சே இருக்காது.

அந்தப் பழைய பிரதிகள் எப்ப வந்துச்சு? வாடிகன் நூலகத்துல வாடிகானுஸ்னு ஒரு ஏடு, 4ம் நூற்றாண்டு, அது 15ம் நூற்றாண்டுல இருந்தே அங்கதான் கிடந்துச்சு, ஆனா அறிஞர்கள் கைக்கு ஒழுங்கா எட்டுனது 19ம் நூற்றாண்டுலதான். சினாய் மலையடிவாரத்துல பரிசுத்த கேத்தரின் மடத்துல டிஷண்டார்ஃப்ங்கற ஜெர்மன்காரர் 1844லயும் 1859லயும் பாத்தது சினாய்டிகஸ், அதுவும் 4ம் நூற்றாண்டுதான், 1933ல சோவியத் அரசாங்கத்துகிட்ட இருந்து பிரிட்டன் 1,00,000 பவுண்டுக்கு வாங்குச்சு. இதுங்கள முக்கிய ஆதாரமா வச்சு வெஸ்ட்காட், ஹார்ட்னு ரெண்டு பேர் கிரேக்கப் பதிப்பு கொண்டு வந்தது 1881ல. அப்புறம் 1930கள்லயும் 1950கள்லயும் எகிப்துல இருந்து இன்னும் பழைய பாப்பிரஸ் ஏடுகள், அதாவது நாணல் தாள்ல எழுதினது, வெளிய வந்துச்சு.

இப்ப நம்ம கையில இருக்கிற தமிழ் பைபிளப் பாருங்க. தரங்கம்பாடியில சீகன்பால்கு 1715 வாக்குல புதிய ஏற்பாட அச்சடிச்சதுல ஆரம்பிச்சு பல கை மாறி வந்தாலும், புராட்டஸ்டண்ட் சபைகள்ல இன்னைக்கும் பிரசங்க பீடத்துல இருக்கிற ஓ.வி.ங்கறது ஹென்றி பவர் ஐயர் தலைமையில திருத்தி 1871ல முழு பைபிளா வந்தது. 1881க்குப் பத்து வருஷம் முந்தி! அவங்க மேஜையில இருந்தது எராஸ்மஸ் வழியில வந்த பாடம். அதனால ஓ.வி.ல எல்லா நம்பரும் நெறைஞ்சிருக்கு. 1995ல கத்தோலிக்கரும் மத்த சபையாரும் சேந்து கொண்டு வந்த திருவிவிலியமும் என்.ஐ.வி.யும் பிந்தின கிரேக்கப் பதிப்புகள வச்சு செஞ்சது. ரெண்டு குழுவும் அவங்கவங்க கைல இருந்தத உண்மையாத்தான் மொழிபெயர்த்தாங்க.

சரி, பழைய பிரதியில இல்லாத வரி பிந்தினதுல எப்படி நுழையுது? இதுக்கு யோவான் 5ம் அதிகாரத்த விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. பெதஸ்தா குளம். முப்பத்தெட்டு வருஷம் வியாதியா கிடந்த மனுஷன் சொல்றான், "தண்ணீர் கலக்கப்படும்போது என்னைக் குளத்தில் கொண்டுபோய்விடுகிறதற்கு ஒருவருமில்லை." இது ஏழாம் வசனம், எல்லாப் பிரதியிலயும் இருக்கு. இத வாசிக்கிற எவனுக்கும் ஒரு கேள்வி வரும், தண்ணிய ஏன் கலக்கணும், யார் கலக்குறது? அதுக்குப் பதில்தான் நாலாம் வசனம், தேவதூதன் இறங்கி கலக்குவான், முதல்ல இறங்குறவன் சொஸ்தமாவான்னு. அந்த நாலாம் வசனம் பழைய பாப்பிரஸ் ரெண்டுலயும் இல்ல, சினாய்டிகஸ்ல இல்ல, வாடிகானுஸ்ல இல்ல. பிந்தின சில பிரதிகள்ல அது இருக்கு, ஆனா பக்கத்துல சந்தேகக் குறி போட்டிருக்கு. என்ன நடந்திருக்கும்னா, விஷயம் தெரிஞ்ச யாரோ ஒருத்தர் வாசிக்கிறவங்களுக்கு உதவட்டும்னு ஓரத்துல விளக்கம் எழுதியிருக்கார், அடுத்து காப்பி எடுக்கிறவர், அடடா இது முன்னவர் விட்டுப்போன வரி போல, ஓரத்துல சேத்திருக்கார்னு நெனச்சு உள்ள எழுதிட்டார். அப்பவும் ஒரு வரி விட்டுப்போனா ஓரத்துலதான் எழுதுவாங்க, விளக்கம் எழுதினாலும் ஓரத்துலதான் எழுதுவாங்க, ரெண்டையும் பிரிச்சுப் பாக்க வழி ஏது.

அந்தக் காப்பி எடுத்தவர் இடத்துல நீங்களோ நானோ இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்போம். ஆண்டவர் வார்த்தையா இருந்து நம்மளால விட்டுப்போயிடக் கூடாதேங்கற பயம் இருக்கும்ல.

இன்னொரு வழி, மனப்பாடம். மத்தேயு சுவிசேஷத்த காப்பி எடுத்துட்டு இருக்கிறவர் மாற்க மனப்பாடமா சொல்லக்கூடியவர், அதே சம்பவம் வரும்போது மாற்குல இருக்கிற வரி இங்க வந்து ஒட்டிக்கும். உபவாச வசனம் அப்படி வந்ததுன்னுதான் சொல்றாங்க, மாற்கு 9:29ல இருந்து. மத்தேயு 18:11, "மனுஷகுமாரன் கெட்டுப்போனதை ரட்சிக்க வந்தார்", அது லூக்கா 19:10ல எல்லா பைபிள்லயும் இருக்கு. ஃபார்வர்ட் லிஸ்ட்ல வர்ற வசனங்கள்ல பாதிக்கு மேல இப்படி வேற இடத்துல அச்சு அசலா அல்லது கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறதுதான், மறைக்கணும்னு நெனச்சவன் அங்க மட்டும் விட்டு வைப்பானா? சினாய்டிகஸ்லயே பாருங்க, மத்தேயு 17ல முதல்ல எழுதின கை அந்த வரிய எழுதல, பிற்பாடு திருத்தின இன்னொரு கை சேத்திருக்கு. ஒரே ஏட்டுல ரெண்டும் கண்ணு முன்னாடி இருக்கு. ஒண்ணு நேர்மையா சொல்லணும், மாற்கு 9:29லயும் பெரும்பாலான பிரதிகள்ல "உபவாசத்தினாலும்"னு இருக்கு, ஆனா இந்த ரெண்டு பழைய ஏட்டுலயும் மூல கையில "ஜெபம்" மட்டும்தான். அதுக்காக உபவாசமே வேண்டாம்னு ஆகிடாது, மத்தேயு 6ல நீங்கள் உபவாசிக்கும்போதுன்னு இயேசுவே சொல்றார், அப்போஸ்தலர் 13ல அந்தியோகியா சபை உபவாசிச்சு ஜெபிச்சுத்தான் பர்னபாவையும் சவுலையும் அனுப்புது, இதுல எந்தப் பிரதியிலயும் சண்டை இல்ல. பெரியம்மாகிட்ட நான் முதல்ல சொன்னது இதத்தான்.

அதிகமா சண்டை நடக்கிறது 1 யோவான் 5:7. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." திரித்துவத்துக்கு இத விட நேரடியான வசனம் கிடையாது, அதனாலதான் இது இல்லன்னா உயிரே போன மாதிரி பதறுறாங்க. ஆனா எராஸ்மஸோட 1516 பதிப்புலயும் 1519 பதிப்புலயும் இது கிடையாது, அவர் பாத்த கிரேக்கப் பிரதி எதுலயும் இல்லன்னு போடாம விட்டார். லத்தீன்ல இருக்கே, ஏன் விட்டேன்னு பெரிய கூச்சல் ஆச்சு. அப்புறம் ஒரு கிரேக்கப் பிரதிய கொண்டு வந்து காட்டுனாங்க, இன்னைக்கு டப்ளின் டிரினிட்டி காலேஜ்ல இருக்கு, அவர் காலத்துலயே எழுதினது. 1522 பதிப்புல சேத்துட்டார். ஒரு பிரதி காட்டினா சேப்பேன்னு அவர் சவால் விட்டார்னு ஒரு கதை ஓடுது, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது, சொல்லாம இருக்கிறது நல்லது. லூத்தர் 1519 பதிப்ப வச்சு ஜெர்மன்ல மொழிபெயர்த்ததால லூத்தர் உயிரோட இருந்த வரைக்கும் அவரோட பைபிள்ல இந்த வரி வரல. லூத்தருக்கு திரித்துவ விசுவாசம் கம்மின்னு யாராவது சொல்வாங்களா? 4ம் நூற்றாண்டுல, குமாரன் பிதாவுக்குச் சமம் இல்லன்னு சொன்ன ஆரியுஸ் கூட்டத்தோட அவ்ளோ பெரிய வாக்குவாதம் நடந்தப்ப கிரேக்கப் பிதாக்கள் ஒருத்தர் கூட இந்த வரிய எடுத்துக் காட்டல, கையில இருந்திருந்தா முதல்ல இததான் காட்டியிருப்பாங்க. நிசேயா விசுவாசப் பிரமாணம் இந்த வரி இல்லாமலே உருவாச்சு. மத்தேயு 28:19ம் 2 கொரிந்தியர் 13:14ம் எல்லா பைபிள்லயும் அப்படியே இருக்கு.

அப்போஸ்தலர் 8:37, எத்தியோப்பிய மந்திரி ஞானஸ்நானத்துக்கு முன்னாடி சொல்ற அறிக்கை, இது கொஞ்சம் வேற மாதிரி. பெரும்பாலான கிரேக்கப் பிரதியில இது கிடையாது, எராஸ்மஸே ஒரு பிரதியோட ஓரத்துல பாத்துதான் சேத்தேன்னு எழுதியிருக்கார். ஆனா 180 வாக்குல வாழ்ந்த சபைப் பிதா இரேனியு இந்த அறிக்கைய எடுத்துச் சொல்றார், அதாவது வரி ரொம்பப் பழசு. ஆதி சபையில ஞானஸ்நானம் எடுக்கிறவங்க சொன்ன அறிக்கைதான் கதைக்குள்ள வந்துச்சுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, எனக்கும் அதுதான் சரியாப் படுது. லூக்கா 17:36ன்னு இன்னொண்ணு, 1611ல வந்த முதல் கிங் ஜேம்ஸ் பதிப்புலயே ஓரத்துல, பெரும்பாலான கிரேக்கப் பிரதியில இந்த வசனம் இல்லன்னு குறிப்பு போட்டிருந்தாங்க. ஃபுட்நோட் போடுறது நவீன காலத்து சதின்னு சொல்றவங்க அத ஒரு தடவ பாக்கணும்.

ஃபார்வர்ட்ல வராத பக்கம் ஒண்ணு இருக்கு. பழைய பிரதிகளால வசனம் கூடவும் செஞ்சிருக்கு. 1 யோவான் 2:23, "குமாரனை மறுதலிக்கிறவன் பிதாவையுடையவனல்ல, குமாரனை அறிக்கையிடுகிறவன் பிதாவையும் உடையவனாயிருக்கிறான்." கிரேக்கத்துல ரெண்டு பாதியும் ஒரே மாதிரி வார்த்தையில முடியும். எழுதுறவர் முதல் பாதி முடிச்சு தலை நிமிந்து திரும்பப் பாக்கும்போது கண்ணு ரெண்டாவது முடிவுல போய் விழுந்துருச்சு, நடுவுல இருந்தது போச்சு. பிந்தின பிரதிகள் நிறையதுல இந்த ரெண்டாம் பாதி கிடையாது, கிங் ஜேம்ஸ்ல சந்தேகத்தோட வேற எழுத்துல அச்சடிச்சாங்க. பழைய ஏடுகள்ல தெளிவா இருக்கு, அதனால இன்னைக்கு எல்லாரும் தயங்காம போடுறாங்க.

பழைய ஏற்பாட்டுலயும் உண்டு. 145ம் சங்கீதம் எபிரெயத்துல அகரவரிசைப் பாட்டு, ஆத்திசூடி மாதிரி ஒவ்வொரு வரியும் அடுத்தடுத்த எழுத்துல ஆரம்பிக்கும். 22 எழுத்து, ஆனா வழக்கமான எபிரெயப் பிரதியில 21 வரிதான், நூன்ங்கற எழுத்துக்கு வரி இல்ல. பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல அந்த வரி இருந்துச்சு. 1956ல சாக்கடல் பக்கம் 11ம் குகையில கிடைச்ச சங்கீதச் சுருள்ல பாத்தா, நூன் வரி எபிரெயத்துலயே இருக்கு, தேவன் தம் வார்த்தைகளில் உண்மையுள்ளவர்ங்கற பொருள்ல. என்.ஐ.வி. அத 13ம் வசனத்தோட சேத்துருச்சு, நம்ம ஓ.வி.ல அது இல்ல, இருக்கவும் வழி இல்ல, 1871ல அந்தச் சுருள் குகைக்குள்ள இருந்துச்சு. அதே மாதிரி 1 சாமுவேல் 11 ஆரம்பத்துல அம்மோனியன் நாகாஸ் ஏன் வலது கண்ணப் பிடுங்குவேன்னு மிரட்டுறான்னு ஓ.வி.ல திடீர்னு வரும். 4ம் குகைச் சுருள்ல அதுக்கு முன்னாடி ஒரு முழுப் பத்தியே இருக்கு, அவன் ஏற்கெனவே காத், ரூபன் கோத்திரத்தாருக்கு அதே கொடுமைய செஞ்சான், 7,000 பேர் தப்பி யாபேசுக்கு ஓடினாங்கன்னு. 1989ல வந்த என்.ஆர்.எஸ்.வி. இங்கிலீஷ் பைபிள்ல அந்தப் பத்தி உள்ளயே இருக்கு.

பரமண்டல ஜெபத்துலயும் இந்த வித்தியாசத்த நாம நேர்லயே கேட்டிருப்போம், என்னன்னு தெரியாமலே. ஆர்.சி. வீட்டு பொண்ணு சி.எஸ்.ஐ. வீட்டு பையன் கல்யாணத்துல எல்லாரும் சேந்து சொல்லும்போது, "தீமையிலிருந்து"ங்கற வரியோட ஒரு பக்கம் ஆமென் சொல்லி நின்னுரும், இன்னொரு பக்கம் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்"னு தொடரும். அந்தக் கடைசி வரி சினாய்டிகஸ், வாடிகானுஸ்ல இல்ல, லத்தீன் பைபிள்லயும் இல்ல, அதனால கத்தோலிக்க வழக்கத்துல வரல. ஆனா திதாகேன்னு ரொம்பப் பழைய சபை ஒழுங்கு நூல்ல வல்லமையும் மகிமையும்னு சின்ன வடிவத்துல இந்த ஜெபத்தோடயே இருக்கு, 1 நாளாகமம் 29ல தாவீது செய்ற ஜெபத்தோட சாயலும் இதுல இருக்கு. ஜனங்க ஜெபிச்சு ஜெபிச்சே ஏட்டுக்குள்ள போன வரி. கத்தோலிக்க பூசையிலயும் இப்ப குருவானவர் நடுவுல ஒரு ஜெபம் சொன்ன பிறகு ஜனங்க இத சொல்றாங்க. நான் ஜெபிக்கும்போது முழுசாத்தான் சொல்றேன், சொல்லுவேன்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் அலட்சியமா தள்ளிடக் கூடாது. நூத்துக்கு எண்பது தொண்ணூறு பிரதி ஒரு பக்கம் இருக்கு, சபை ஆயிரம் வருஷம் வாசிச்ச பாடம் அது, ரெண்டு பழைய ஏட்டுக்காக அத விடணுமாங்கறாங்க. மதிக்க வேண்டிய கேள்விதான். ஆனா எண்ணிக்கைய மட்டும் பாக்க முடியாது, ஒரு ஃபார்வர்ட ஆயிரம் பேர் அனுப்பினா சாட்சி ஆயிரம் ஆகிடாது, முதல்ல எழுதினவன் ஒருத்தன்தான். அதோட எண்ணிக்கைய வச்சே பாத்தாலும் 1 யோவான் 5:7ம் அப்போஸ்தலர் 8:37ம் தோத்துரும், பெரும்பாலான கிரேக்கப் பிரதியில ரெண்டும் இல்லையே.

கடைசியா ரெண்டு பெரிய பகுதி. மாற்கு 16 பழைய ரெண்டு ஏட்டுலயும் எட்டாம் வசனத்தோட, "பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள்"னு நின்னுருது. வாடிகானுஸ்ல அதுக்கு அப்புறம் பக்கத்துல ஒரு காலம் (column) முழுசா காலியா விட்டிருக்கு, புதிய ஏற்பாட்டுப் பகுதியில வேற எந்தப் புத்தக முடிவுலயும் அந்த எழுத்தர் இப்படி விடல. இன்னும் ஏதோ உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கார், கையில இருந்த மூலப் பிரதியில இல்ல, இடம் மட்டும் விட்டு வச்சார்னுதான் எனக்குத் தோணுது. அதே சமயம் இரேனியு பத்தொன்பதாம் வசனத்த எடுத்துச் சொல்றார், அதுவும் அந்த ஏடுகளுக்கு 150 வருஷம் முந்தி. அதனால என்.ஐ.வி. உட்பட எல்லாரும் அந்தப் பன்னிரண்டு வசனத்தையும் அச்சடிக்கிறாங்க, மேல ஒரு குறிப்போட.

விபசாரத்துல பிடிபட்ட ஸ்திரீ, யோவான் 8. பழைய பாப்பிரஸ்கள்ல இல்ல, அந்த ரெண்டு ஏட்டுலயும் இல்ல. சில பிரதிகள்ல லூக்கா 21 முடிவுல இருக்கு, சிலதுல யோவான் சுவிசேஷத்தோட கடைசியில இருக்கு, உக்கார இடம் கிடைக்காம சுத்தி வந்த சம்பவம். பொண்டாட்டிமாருக்குத் துணிச்சல் வந்துரும்னு பயந்த சில ஆம்பளைங்க எடுத்திருப்பாங்கன்னு அகஸ்டின் சந்தேகப்பட்டார். யோவான் எழுதினது இல்லன்னு சொல்ற அறிஞர்கள்லயே நிறைய பேர், நடந்த சம்பவம்தான், வாய்மொழியா வந்திருக்குன்னு நம்புறாங்க, நானும் அப்படித்தான் நம்புறேன். குனிஞ்சு தரையில விரலால எழுதினது, "உங்களில் பாவமில்லாதவன் இவள்மேல் முதலாவது கல்லெறியக்கடவன்"னு சொன்னது, பெரியவங்க முதல் சிறியவங்க வரைக்கும் ஒவ்வொருத்தரா வெளிய போனது. எனக்குத் தெரிஞ்ச பைபிள் எதுலயும் இத எடுத்துப்போட யாருக்கும் மனசு வரல. அடைப்புக்குறிக்குள்ளயோ மேலயும் கீழயும் கோடு போட்டோ குறிப்போட வச்சிருக்காங்க.

அன்னைக்கு தம்பி மகன் போன்ல இருபதாம் வசனத்துக்கு முடிவுல ஒரு சின்ன எழுத்து இருந்துச்சு, அத தொட்டா கீழ ஃபுட்நோட் திறக்குது, இருபத்தொண்ணாம் வசனம் சில பிரதிகளில் இப்படி இருக்குன்னு முழுசா. அவன் அத தமிழ்ல சொல்லச் சொல்ல பெரியம்மா தன் பைபிள்ல விரல் வச்சு ஒவ்வொரு வார்த்தையா சரி பாத்தாங்க. அப்புறம் "சரி, இருபத்திரெண்ட வாசி"ன்னாங்க.